வாத்தியாருக்கு ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது சுலபம். கேட்க ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. சக வாத்தியார்களே, உங்களுக்குத் தெரியாததா? இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், வாரநாட்களில் அவிநாசி பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்தினேன். ஞாயிறு மட்டும் திருப்பூரில், அஞ்சல் வழியில் பி.காம். படிப்பவர்களுக்கு நேர் வகுப்பு. பனியன் கம்பெனி வேலையிலிருந்து தலையில் பஞ்சோடு வந்து உட்காருவார்கள். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இன்றும் மனசு ஏங்குகிறது.

ஷிப்மெண்ட் வாரம்

வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் நாற்பது பேர் வந்து உட்கார வேண்டும். ஏற்றுமதிச் சரக்கு கப்பலுக்குப் போகும் ஷிப்மெண்ட் வாரத்தில் ஒரு ஞாயிறு, வந்தவர் ஒருவர்தான்: குன்னத்தூர் செல்வி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பத்து வருஷமாக மேசை முன்னால் நின்றபடியே. பி.காம். முடித்தால் ஆபீசில் உட்காரும் வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டார். என் புள்ளியியலில் மட்டும் இரண்டு முறை பெயில். அடுத்த தேர்வு வரைக்கும்தான் முதலாளி பொறுப்பார்.

ஒருவருக்காக நடத்துவதா என்று நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டுச் செல்வி சொன்னார்: "எல்லாருக்கும் இன்னைக்கு டூட்டிங்க சார். நானும் பதினோரு மணிக்கு ஓடோணுங்க, அதுக்குள்ள ஒரு பாடமாச்சும் நடத்தீருங்க."

நாற்பத்தொன்றாம் பக்கம்

பனியனில் ஓட்டையோ கறையோ கண்டால், செக்கிங்கில் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்; சரிசெய்ய முடிந்தது 'ஆல்ட்டர்', கழித்துப் போடுவது 'ரிஜெக்ட்'. செல்வி பாடப்புத்தகத்தில் புரியாத இடத்துக்கெல்லாம் அதையே ஒட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், எண்களில் நடு எண்ணைக் கண்டுபிடிக்கும் கணக்கிலும் ஒன்று. அந்தப் புத்தகத்தை எழுதியவன் நான். "நல்லாப் படிங்க, புரியும்" என்றேன், கொஞ்சம் கெத்தாக.

பலகையில் போட்டபோதுதான் தெரிந்தது: எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்காமலே நடுவில் கிடந்ததை எடுத்து எழுதியிருக்கிறேன். தினமும் என் எதிரில் உட்கார்ந்த கல்லூரிப் பிள்ளைகளும் இதே புத்தகம்தான் வைத்திருந்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. செல்வி மெதுவாகக் கேட்டார்: "சைஸ் வாரியா அடுக்காம நடு சைஸை எப்படீங்க எடுக்கறதுன்னு தோணுச்சுங்க. புக்குல இருக்கறதுதான் சரின்னு ரெண்டு பரீட்சையிலயும் அப்படியே எழுதிப்போட்டனுங்க. இது ஆல்ட்டர் பண்ணிக்கலாங்களா, ரிஜெக்ட்டுங்களா சார்?"

டீ டைம்

அதன்பின் ஷிப்மெண்ட் நெருக்கியது. செல்விக்கு ஞாயிறும் போயிற்று. செய்த பாவத்தைக் கழிக்க என் செல்போன் நம்பரைக் கொடுத்தேன். தினமும் நாலு மணி டீ இடைவேளையில் பத்து நிமிஷம் பாடம். அந்தப் பக்கம் மெஷின் சத்தம். இந்தப் பக்கம் நான், காலியான கல்லூரி வகுப்பில் நின்று, பழக்கதோஷத்தில் பலகையில் எழுதி எழுதி விளக்குவேன்.

ஒருநாள் "இதோ, இந்த எண்ணைப் பாருங்க" என்று பலகையைத் தட்டித் தட்டிக் கத்தினேன். செல்வி பொறுமையாகச் சொன்னார்: "எந்த எண்ணுன்னு வாயில சொல்லுங்க சார், உங்க வெரலு இங்க தெரியலீங்க."

காலைப் பத்து மணி

தேர்வு முடிவு வந்த வாரம் போனே இல்லை. நானாகக் கேட்கவும் தைரியம் வரவில்லை. மூன்றாவது முறையும் கவிழ்த்துவிட்டேனோ என்று பயம். அடுத்த வாரம், டீ நேரமே இல்லாத காலைப் பத்து மணிக்குப் போன் அடித்தது. பின்னால் மெஷின் சத்தம் இல்லை. "செல்விங்க சார். உக்காந்துட்டுப் பேசறனுங்க."

நேர் வகுப்பா, தொலைநிலைக் கல்வியா என்று இன்று யாராவது வாதம் செய்தால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எதில் படித்தாலும், வாத்தியாருக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஒரு செல்வி வேண்டும்.