யார் முதலில் வைப்பது

எழுதிய வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் வசன அக்கா அடுத்த வரிக்குப் போவதில்லை. "சாப்ட்டாச்சாம்மா?" என்று திரையைப் பார்த்துக் கேட்கிறார். "இதுல ஒரு அதட்டல் இருக்கு" என்று முகம் சுளித்து அழிக்கிறார். தலையைச் சாய்த்து, "சாப்டீங்களாம்மா?" என்று இன்னொரு தடவை. பக்கத்து மேசைப் பெண் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான் தங்களைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஆச்சுக்கா" என்று பதில் சொல்லிவிட்டு அசடு வழிவார்கள்.

இந்த நிறுவனம் விற்பது பேச்சு. தனியாக இருக்கும் வயதானவர்களைத் தினமும் ஒரு கணினிக்குரல் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கிறது. மாத்திரை போட்டாயிற்றா, முழங்கால் எப்படி இருக்கிறது, நேற்று வருவதாகச் சொன்ன குழாய்க்காரன் வந்தானா. எங்கோ இருக்கும் பிள்ளைகள், பேசிய நிமிடங்களுக்கு ஏற்பப் பணம் கட்டுகிறார்கள். பேசுவது இயந்திரம்தான் என்று பெரியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். தெரிந்தும் அவர்கள் அதைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பாப்பா என்ன பேச வேண்டும், எங்கே 'உம்' கொட்ட வேண்டும் என்பதையெல்லாம் எழுதுகிறவர் வசன அக்கா. அலுவலகத்தில் வைத்த பெயர் அது. அவருக்கும் பிடித்துப் போய்விட்டது.

முன்பு ஒரு தொலைபேசி நிறுவனத்தில் புகார் கேட்கும் பிரிவில் இருந்தார். மறுமுனையில் கத்துகிறவரிடம், "வேற ஏதாவது உதவி வேணுங்களா?" என்று குழைந்து கேட்கிற வேலை. "நான் தமிழ் கத்துக்கிட்டதே திட்டு வாங்கித்தான்" என்பார். இப்போதும் பேருந்தில் யாராவது கைப்பேசியில் பேசினால் காதைத் தீட்டிக்கொள்வார். பேச்சு சுவாரசியமாக இருந்தால் இறங்கும் நிறுத்தம் போய்விடும்.

அவருடைய கணவர் பல் செட் செய்து கொடுக்கிறவர். அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. "வீட்ல வாயத் தொறக்கவே பயமா இருக்கு. இன்னிக்கு நான் சொல்றது நாளைக்கு மெஷின் வாயில வருது" என்று, அக்காவைப் பற்றி எழுதப் போன என்னிடமே அலுத்துக்கொண்டார். பொய்யில்லை. அவர் எதற்கெடுத்தாலும் சொல்லும் "என்னத்தச் சொல்றது போங்க" இன்று பல வீடுகளில் கேட்கிறது. பெரியவர்களுக்கு அது உயிர்.

முதலாளி இவரைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். இவர் பதிலுக்கு சார் என்பார். கோபம் வந்தால் மட்டும் சார் போய்த் தம்பி வரும். அப்போது அலுவலகத்தில் ஈ பறந்தால்கூடக் கேட்கும்.

ஒரு மாதம் பேச்சு நிமிடங்கள் கிடுகிடுவென்று ஏறின. கேக் வெட்டினார்கள். பாப்பாவுடன் பேச எல்லோருக்கும் அவ்வளவு ஆசை என்று முதலாளி பூரித்துப் போனார். ஏன் ஏறியது என்று பார்க்க, பதிவான உரையாடல்களை அக்கா கேட்கத் தொடங்கினார். முதலில் கிடைத்தவர் ஓய்வுபெற்ற தையல்காரர்.

"சரி பாப்பா, வைக்கட்டுமா?" என்கிறார் அவர்.

"சரிங்கய்யா. சாயங்காலம் நடக்கப் போவீங்களா?" என்கிறது பாப்பா.

"போவேன்மா. அப்ப வைக்கட்டுமா?"

"நல்லதுங்கய்யா. எந்தப் பக்கமா போவீங்க?"

அவர் அதற்கும் பதில் சொல்கிறார். பின்னால் அடுப்பில் என்னவோ பொங்கி வழியும் சத்தம் கேட்கிறது. "ஐயோ பாலு! ஒரு நிமிஷம் பாப்பா, கோச்சுக்காத" என்று ஓடுகிறார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "ஆங், சொல்லும்மா" என்கிறார்.

அக்காவுக்கு விளங்கிவிட்டது. நம் ஆட்கள் எதிராளி "சரி, வைங்க" என்று சொல்லாமல் தொலைபேசியை வைக்க மாட்டார்கள். பாப்பாவுக்கோ, எதற்கும் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது, பதிலோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டும் என்று அக்காவே மரியாதை கற்றுக் கொடுத்திருந்தார். "வைங்க" என்ற ஒன்றை மட்டும் எழுத விட்டுப்போயிருந்தது. இரண்டு பக்கமும் மரியாதை, யாரும் வைக்கவில்லை. நிமிடங்கள் ஏறின.

"அன்னிக்கு வெட்டித் தின்ன கேக்க நெனச்சா இன்னும் நெஞ்சுலயே நிக்குது" என்கிறார்.

அன்றே முதலாளியின் அறைக்குப் போனார். "தம்பி, வைக்கட்டுமான்னு கேட்டதும் வைங்கன்னு சொல்லிடணும்."

"தனியா இருக்கறவங்கக்கா. நாம வச்சிட்டா செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நாலு வார்த்த பேசினா நல்லதுதானே?"

"பேசணும்னு பேசினா நல்லது. வைக்க முடியாம பேசறது வேற."

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது, அதுதான் சங்கடம். முதலாளி தம் வீட்டை அடமானம் வைத்துத்தான் இந்தத் தொழிலை நடத்துகிறார். நிமிடம் குறைந்தால் எல்லோர் சம்பளத்துக்கும் ஆபத்து. கடைசியில் சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதுபோல் பேரம் நடந்தது. நாலு தடவை கேட்டால் விடலாம் என்றார் அவர். ஒரு தடவை என்றார் அக்கா. இரண்டில் முடிந்தது. "மொதல் தடவ கம்பெனிக்கு, ரெண்டாவது அவங்களுக்கு" என்று வெளியே வந்து சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நிமிடங்கள் சரிந்தன. நான் அங்கே போயிருந்த நாளில் முதலாளி பணம் போடுகிறவர்களைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். அங்கிருந்தே அக்காவைக் கூப்பிட்டார். அவர் பேசினால் ஒலிபெருக்கி தேவையில்லை, சுற்றி இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்.

"மூணாக்கிடுவோம்கா. ஒண்ணே ஒண்ணுதான் கூட. யாருக்கும் தெரியாது."

"ரெண்டுன்னுதான பேசினோம் சார்."

"வசனத்தையும் மெஷினே எழுதிக்கட்டுமே, அதுக்கு எதுக்கு ஒரு ஆளுன்னு கேக்கறாங்க. நான்தான் உங்களுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

அக்காவின் முகம் சுண்டிப் போயிற்று. பல் செட் வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வீடு ஓடுவது இந்தச் சம்பளத்தில்தான். எனக்கு முதலாளியின் மேல் கோபம் வரவில்லை. அந்தக் குரலிலும் பயம் இருந்தது. இரண்டு பேரையும் நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது.

"புரியுது சார். ரெண்டுலயே இருக்கட்டும். வைக்கட்டுமா?"

"இருங்கக்கா, இந்த மாசக் கணக்கையாவது கேளுங்க" என்று அவர் தொடர்ந்தார். போன மாதம், இந்த மாதம், வரும் மாதம் எல்லாம் வந்தன. அக்கா 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி தம்பி. வைக்கட்டுமா?"

சுற்றியிருந்த விசைப்பலகைகள் நின்றன.

"அதில்லக்கா, நான் என்ன சொல்ல வரேன்னா..."

வசன அக்கா கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தார். சிவப்பு வட்டத்தைப் பார்த்து அழுத்தினார்.