பாசி மூட்டைக்கு ஒரு டிக்கெட்

தென்காசி பஸ் நிலையத்தில் மதிய டிரிப்புக்கு விசில் ஊதப்போகும் நேரத்தில் என் மகள் ஸ்டெல்லா வந்து நின்றாள். "யப்பா, நம்ம ரோஸ்லின் சிஸ்டர் இறந்துட்டாங்களாம்." குற்றாலம் போவதற்குள் இரண்டு நிறுத்தங்களில் விசிலடிக்க மறந்தேன். டிரைவர் அண்ணாச்சி திட்டவில்லை. அவர் மகளும் சிஸ்டரிடம் படித்தவள்தான்.

சிஸ்டரிடம் படித்த பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்ற நமக்கும் ஆளுக்கொரு கதை இருக்கும். என் கதையில் நான்தான் கோமாளி.

ஸ்டெல்லா ஏழாம் வகுப்பு படித்த வருடம், பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் குடில் அவள் வகுப்பின் பொறுப்பு. "குடில்ல விரிக்க எங்கப்பா குத்தாலத்துல இருந்து பச்சைப் பாசி கொண்டாருவாங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் கான்வென்ட்டில் பேர் வாங்க வேறு வழி ஏது? மூன்று வாரம் முன்னதாகவே பாறைகளை மழமழவென்று சுரண்டி, ஒரு சாக்கு நிறையக் கொண்டுபோய் இறக்கினேன். பாராட்டு வாங்கத் தலையைக்கூடப் படிய வாரியிருந்தேன்.

சிஸ்டர் சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்தார். "கண்டக்டரே, தப்பான பஸ்ல ஏறின ஆள என்ன செய்வீங்க?"

"இறக்கிவிட்டு, வந்த ஊருக்கே ஏத்தி அனுப்புவோம் சிஸ்டர்."

"அப்போ இதையும் அனுப்பிருவோம். மூட்டைக்கு டிக்கெட் நான் எடுக்கேன்."

ஸ்டெல்லா அழுதாள். பங்குச்சாமி, அதான் எங்கள் கோயில் பாதிரியார், வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்கப்போகிற குடில். மொட்டைக் குடிலென்று எல்லாரும் சிரிப்பார்களே!

சனிக்கிழமை வகுப்பு முழுக்க என் பஸ்ஸில் ஏறியது. "மூட்டைல என்ன, கருவாடா?" என்றார் ஒரு பெரியவர். "பாசி, அண்ணாச்சி. அது வீட்டுக்குப் போகுது" என்று சிஸ்டர் முந்திக்கொண்டார். பஸ்ஸே சிரித்தது.

குற்றாலத்தில் இறங்கி, அருவியோரத்து ஈரப் பாறையில் பாசியைப் பத்தை பத்தையாக அழுத்தி ஒட்டினோம். நான் வழுக்கி விழுந்து தொப்பலாக நனைந்தேன். பிள்ளைகள் சிரித்து ஓய்ந்ததும் சிஸ்டர் உட்காரச் சொன்னார். "இப்ப யோசிச்சு, ஆளுக்கொரு ஜெபம் சொல்லுங்க. மனப்பாடம் பண்ணினது வேண்டாம்."

முதலில் எழுந்தவள் ஸ்டெல்லா. "ஆண்டவரே, நீரு பொறக்குத எடத்த அழகாக்கணும்னு, நீரு ஏற்கெனவே அழகாக்கி வச்சதச் சுரண்டிட்டோம். எங்கப்பாவ மன்னிச்சிரும்."

"ஏட்டி, கொண்டாரச் சொன்னது நீதானே!"

"சரி, ரெண்டு பேரையும்."

எல்லாருக்கும் முந்தி, சத்தமாக "ஆமென்" சொன்னது சிஸ்டர்தான்.

அன்று சாயங்காலமே பிள்ளைகள் குடிலுக்குள் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் அது ஆடுமாடு பொம்மைகளை மறைத்து வளர்ந்துவிட்டது. மந்திரிக்க வந்த பங்குச்சாமி மாதா பொம்மைக்குப் பக்கத்தில் குனிந்து தேடினார். "சூசையப்பரக் காணோமே?"

"பயிருக்குள்ள நிக்காரு சாமி" என்றார் சிஸ்டர். ஸ்டெல்லாவின் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சிஸ்டரின் அடக்கம் முடிந்து நானும் ஸ்டெல்லாவும் அந்தப் பாறைக்குப் போனோம். நாங்கள் ஒட்டியது எது, தானாக வந்தது எது என்று தெரியவில்லை. பாறை முழுக்கப் பச்சை. தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன்.

"யப்பா!"

கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்விட்டது. சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது கூச்சம் பழகிய இந்தக் கையும், அதை அதட்ட ஒரு மகளும்.