ஏழு சிகரெட்டும் ஒரு பூட்டும்

என் சகலைக்கு எங்கள் குடும்பத்தில் வெந்நீர் என்று பெயர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரியே எந்நேரமும் திரிகிறான் என்று என் மனைவி வைத்த பெயர் அது. அவள் தங்கையைத்தான் அவன் கட்டியிருக்கிறான். கல்யாணமான முதல் வாரத்தில் வைத்தாள், இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது, வெந்நீர் இன்னும் ஆறவில்லை.

அவன் பார்க்கிற வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, ம், விடுங்க" என்று நாள் முழுக்க அடுத்தவர்களை அசையாமல் வைப்பதுதான் அவன் பிழைப்பு. அவர்கள் மூச்சைப் பிடித்திருக்கும் அந்த மூன்று விநாடியிலும் தடுப்புக்குப் பின்னால் இவன் கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னலைச் சாத்துவான். சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்து அதைத் திறப்பான்.

போன வருஷம் நெஞ்சு வலி வந்து அவனே அந்த மேஜையில் படுக்க வேண்டியதாயிற்று. கூட வேலை செய்கிற பெண் மூன்று தடவை படம் எடுத்தாள், மூன்றும் கலங்கலாக வந்தன. "சார், நீங்களே இப்படி ஆடினா எப்படி?" என்று கேட்டாளாம். அப்புறம் வேறு பரிசோதனையில்தான் தெரிந்தது, ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சிகரெட்டை இன்னைக்கே விடுங்க. இனிமே நீங்க பிடிக்கிற ஒவ்வொண்ணும் உயிரோட விளையாடுற மாதிரி."

இதில் எனக்கென்ன வந்தது என்று கேட்கலாம். வந்தது. இருபத்திரண்டு வருஷமாக எந்த வீட்டில் எல்லோரும் கூடினாலும், நாங்கள் இரண்டு பேரும் மாடிப்படித் திருப்பத்தில் நின்று புகை விட்டவர்கள். மனைவிமார்களைப் பற்றிய புகார், மேலதிகாரிகளைப் பற்றிய ஏச்சு, எல்லாம் அங்கேதான். அவன் விட்டுவிட்டான் என்றதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. என்னைத் தனியாக விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பியவன் மேல் வருகிற கோபம்.

விட்ட அன்று அவன் பாக்கெட்டில் ஏழு சிகரெட் மிச்சம் இருந்தது. என் கொழுந்தியாள் அதைக் கிழித்துப் போடப் போனாள். இவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்டுல ஒண்ணுமே இல்லைன்னா நான் கடைக்கு ஓடிடுவேன். இருக்குன்னு தெரிஞ்சா கொஞ்சம் அடங்கி இருப்பேன். பூட்டி வை. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

அவளும் யோசித்துப் பார்த்து, ஒரு தகரப் பெட்டியில் பாக்கெட்டை வைத்து, பித்தளைப் பூட்டு ஒன்றைப் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டாள். சாவி அவள் கைப்பைக்குள் போயிற்று. அன்றிலிருந்து அவள் கொஞ்சம் தூங்கினாள்.

அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாய் நமநம என்கிறது, விரல் பரபர என்கிறது, என்ன செய்வது என்று தெரியாமல் குட்டி போட்ட பூனை மாதிரி மூன்று அறைக்குள் சுற்றினான். சூயிங் கம் மென்றான், தாடை வலித்தது. குழாயைக் கழற்றி மாட்டினான், ஒழுகாத குழாய் ஒழுக ஆரம்பித்தது. அப்புறம்தான் செல்போனில் அந்த வீடியோக்கள் அவன் கண்ணில் பட்டன. முகம் காட்டாத ஒரு ஆள், இரண்டு கை மட்டும், சாவியில்லாமல் பூட்டைத் திறந்து காட்டுகிறான். இதற்கென்று உலகம் முழுக்கப் பொழுதுபோக்குக் கூட்டமே இருக்கிறதாம்.

"ரெண்டே ரெண்டு விதிதான் சகலை," என்று எனக்குப் பாடம் எடுத்தான். "நம்மளது இல்லாத பூட்டைத் தொடக் கூடாது. உபயோகத்துல இருக்கிற பூட்டையும் தொடக் கூடாது."

"அப்போ எதைத்தான் தொடுவே?"

"பழைய இரும்புக் கடையில வாங்கி வந்திருக்கேன்."

ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்திருந்தான். முதலில் மெல்லிய கம்பிகளால் முயன்றான். பூட்டுக்குள், மேலும் கீழுமாக இரண்டு துண்டான சின்னச் சின்ன ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் தடவித் தடவி, சரியான உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றாக! இட்ட ஒரு வேலையை முழுதாக முடித்துப் பழகாதவனுக்கு இது நடக்கிற காரியமா? ஒரே வாரத்தில் மூன்று கம்பியை முறித்தான். நான் அவனைக் கேலி செய்தேன். கேலி செய்தபடியே மாடிப்படிக்குப் போய்ப் பற்றவைத்தேன். அவன் கதவருகே நின்று காற்றை முகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அணைக்கவில்லை.

அடுத்த மாதம் பிக் கன் வந்தது. துப்பாக்கி என்றால் துப்பாக்கியில்லை. கைக்கு அடக்கமான ஒரு பிடி, ஒரு விசை, முனையில் நீளமாக ஒரு தட்டை ஊசி. அந்த ஊசியைச் சாவித் துவாரத்தில் விட்டு விசையை இழுத்தால் டக்கென்று மேலே அடிக்கும். அடிபட்ட வேகத்தில் உள்ளே இருக்கும் ஊசிகளின் மேல் துண்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் எகிறும். எகிறி விழுவதற்குள், இன்னொரு கையிலிருக்கும் வளைந்த கம்பியால் பூட்டைத் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

"வீடியோவுல ரெண்டே செகண்டு சகலை. இதுதான் நமக்குச் சரி. தடவிக்கிட்டெல்லாம் இருக்க வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க டக், டக், டக். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மா வந்து, வீட்டில் தையல் இயந்திரம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு பூட்டும் திறக்கவில்லை.

முதலில் பிக் கன்னின் ஊசியைச் சாய்வாகப் பிடித்திருந்தான். பூட்டுக்குள் முன்னால் இருக்கும் ஊசிகள் மட்டும் அடிபட்டன, பின்னால் இருந்தவை சும்மா நின்றன. அதைச் சரிசெய்தான். அப்புறம் அடி போதவில்லை என்று நினைத்து, பிக் கன்னின் பின்னாலிருக்கும் திருகைக் கடைசி வரை முடுக்கினான். ஒரு பூட்டின் ஸ்பிரிங்கே செத்துப்போனது. திருகைத் தளர்த்தினான். ஆனாலும் திறக்கவில்லை. மிச்சமிருந்த கோளாறு அவனுடைய இடது கையில் இருந்தது. வளைந்த கம்பியை அவன் அழுத்தின அழுத்தத்தில், உள்ளே இருக்கும் ஊசிகள் இறுகிப் போய் எகிறவே இல்லை. அந்தக் கம்பியில் விரலை வைத்ததே தெரியாத மாதிரி இருக்க வேண்டுமாம். இவன் ரயில் கதவைத் தள்ளுகிற மாதிரி தள்ளினான்.

"லேசா வைன்னா அது என்ன லேசு? எவ்வளவு லேசு? இதுக்கெல்லாம் ஒரு அளவு வேண்டாமா?" என்று எனக்குப் போன் போட்டுக் கத்தினான். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். கை நிதானத்தைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு. "உனக்கெல்லாம் அது வராது, விடு" என்றேன்.

வந்தது. மூன்று வாரம் கழித்து, டீவியில் செய்தி பார்த்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு துருப்பிடித்த பூட்டு வாயைப் பிளந்தது. அப்புறம் இன்னொன்று. என்னிடம் பெருமை அடித்துக்கொண்டான். அந்தப் பெருமையின் நடுவே, குரலைத் தாழ்த்தி, இன்னொன்றையும் சொன்னான்.

"சகலை, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்தப் பெட்டியையும் எடுத்துப் பார்த்தேன்."

"எத்தனை தடவை?" என்றேன்.

"நாலு தடவை. அவ குளிக்கப் போற நேரமா பார்த்து. ஒரு நாள் ஆஸ்பத்திரியில மிஷின் நின்னு போச்சு, வெளியில அறுபது பேர் நின்னு சத்தம் போட்டாங்க. வந்ததும் வராததுமா அலமாரியில ஏறிட்டேன். கம்பியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு டக்கு டக்குன்னு அடிக்கிறேன், அசையவே மாட்டேங்குது. குளியலறைக் கதவு சத்தம் கேட்டதும் எடுத்து வச்சுட்டேன்."

அவனுடைய இரண்டு விதியும் காற்றில் போயிருந்தன. அந்தப் பூட்டு அவளுடையது, உபயோகத்திலும் இருந்தது. அன்றைக்கே கொழுந்தியாளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அது திறக்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். மாடிப்படித் திருப்பத்தில் எனக்குத் துணை வேண்டியிருந்தது. செத்தாலும் சாகட்டும் என்று நினைத்தேனா? அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

ஐந்தாவது தடவை நடந்ததைப் போனில் நான் என் காதாலேயே கேட்டேன். விடுமுறை நாள், மதியம். அவனுக்குப் படிக்கிற கண்ணாடி தயாராகியிருந்தது. அதைச் சொல்லக் கூப்பிட்டேன். கொழுந்தியாள் அலமாரியைத் துடைக்கப் பெட்டியைக் கீழே இறக்கி மேஜைமேல் வைத்திருந்திருக்கிறாள். இவன் ஸ்பீக்கரில் என்னோடு பேசியபடி, கைக்கு எட்டியதை எடுத்திருக்கிறான். நான் லென்ஸில் கீறல் விழாமல் எப்படித் துடைப்பது என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் டக், டக் என்று கேட்டது. பழைய பூட்டு என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் அடித்திருக்கிறான், ஏனோதானோ என்று. மூன்றாவது டக்குக்குப் பிறகு ஒரு சின்னச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

"ஹலோ?" என்றேன்.

"திறந்துக்கிச்சு," என்றான். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பின்னால் கொழுந்தியாளின் குரல் கேட்டது.

"எத்தனை நாளா இது?"

"இப்பத்தான். இப்பத்தான் மொதல் தடவை திறந்துச்சு."

"எத்தனை நாளா இதைத் தொடறீங்கன்னு கேட்டேன்."

அவன் சொன்னான். நாலு தடவை என்பதை மறைக்காமல் சொன்னான். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போடவில்லை.

"சாவி என்கிட்ட இருக்குன்னு நெனச்சுத்தாங்க நான் ராத்திரியில கண்ணை மூடினேன்."

போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்கு முகமில்லை.

அடுத்த வாரம் அவள் என்னை வரச் சொன்னாள். போனேன். ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் ஏதோ தகராறு. வெந்நீர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான். முகம் இறுகியிருந்தது. அவன் எதற்காகத் தவிக்கிறான் என்று எனக்குத் தெரியாதா? சிகரெட் பாக்கெட் இருந்த என் சட்டைப் பையை அவன் இரண்டு தடவை பார்த்தான்.

கொழுந்தியாள் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். பூட்டு பூட்டித்தான் இருந்தது. பக்கத்தில் பிக் கன்னை வைத்தாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அதையும் வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"இவர் சொன்னதுதான் அத்தான். இந்தத் துப்பாக்கியைத் தூக்கிப் போடப் போனேன், விடலை. தனக்கு வெறி வரும்போது இது திறக்காது, கை அழுத்திடும், வெறி அடங்கினாத்தான் திறக்கும்னு சொல்றார். நெசமான்னு உங்களை வச்சுக்கிட்டே பார்க்கிறேன்." அவன் பக்கம் திரும்பினாள். "சாவி இங்கதான் இருக்கு. அதை எடுத்தா நான் தடுக்க மாட்டேன். துப்பாக்கியால திறந்தாலும் தடுக்க மாட்டேன். சிகரெட்டைப் பிடிச்சுக்குங்க."

சாவியைப் பார்க்காமல் இருக்க அவளே பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் உட்கார்ந்தான். பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கினான். டக், டக், டக், டக். விரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்குக் கம்பியை அழுத்தினான். திறக்கவில்லை. திட்டினான். எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான். சாவி அங்கேயே கிடந்தது. ஒரு தடவை அவன் கை அதன் பக்கம் போனது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், கை திரும்பி வந்தது. டக், டக். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். கொஞ்சம் கொஞ்சமாக அடி இடைவெளி விட்டு விழ ஆரம்பித்தது. கால் தாளம் போடுவது நின்றிருந்தது, எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டான். இடது கை விரல் கம்பிமேல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. டக். பூட்டு திறந்துகொண்டது.

மூடியைத் தூக்கினான். பாக்கெட்டைத் திறந்து எங்களிடம் காட்டினான். ஏழும் இருந்தன. அவன் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தான், யாரோ தெரிந்தவர் போட்டோவைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் மூடிப் பூட்டினான்.

"தண்ணி குடு," என்றான் அவளிடம். அவள் உள்ளே போய் வெகு நேரம் வரவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் பிக் கன்னை என் பக்கம் தள்ளினான். "நீங்க ஒரு தடவை பாருங்க சகலை. கண்ணாடி தேய்க்கிற கை."

இது என்ன பெரிய வித்தை என்று எடுத்தேன். ஊசியை நேராக விட்டேன், சாய்க்கவில்லை. திருகு அளவாக இருந்தது. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். டக், டக், டக். பூட்டு அசையவில்லை. இதை முடித்துவிட்டு மாடிப்படிக்குப் போக வேண்டும் என்று மனம் முழுக்க அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் வேகமாக அடித்தேன்.

தண்ணீரோடு வந்த கொழுந்தியாள் என் இடது கையைப் பார்த்தாள். அழுதிருந்தாள், கண் சிவந்திருந்தது. அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"அழுத்துறீங்க அத்தான்," என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பதில் சொல்லாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். என் கால் மேஜைக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.