பச்சிலைக் காலும் டிஞ்சர் காலும்

சேவூரிலிருந்து ஆரணிக்கு வரும் சாலையில் நான் சைக்கிளோடு விழுந்தபோது எனக்குப் பதினொரு வயது. இரண்டு முழங்கால்களும் ஒரே மாதிரி சிராய்த்திருந்தன. அப்பாவுக்கு அது நல்ல வாய்ப்பாகப் போயிற்று.

அப்பா ஆண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பாள். ஜரிகை இழை விரலை அறுத்துவிட்டால் தெருவில் எல்லோரும் அத்தையிடம்தான் வருவார்கள். வேலியோரம் முளைத்துக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாற்றைப் பிழிந்துவிடுவாள். அப்பாவோ டிஞ்சர் பாட்டிலைத் தவிர எதையும் நம்பாதவர். இந்த இலைக்கு என்ன நிரூபணம் என்பார். ஆறிப்போன விரல்களைப் போய்ப் பார் என்பாள் அத்தை. என் நினைவு தெரிந்த நாளிலிருந்து நடந்துவந்த வழக்கு அது.

வலது காலுக்குப் பச்சிலை, இடது காலுக்கு டிஞ்சர் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கால்களுக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை. டிஞ்சர் பட்டதும் அலறினேன். பச்சிலையும் எரியத்தான் செய்தது. ஆனால் அத்தை வாயால் ஊதிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அப்பா என் எதிரே குந்தி உட்கார்ந்து இரண்டு புண்ணையும் மாறி மாறிப் பார்ப்பார். அவர் என்னை அவ்வளவு கவனித்ததே இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பொருக்கு உதிர்ந்ததும் என்னைத் தன் பள்ளிக்கு அழைத்துப்போனார். எதற்கென்று சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு. அறை நிறையப் பையன்கள். எங்கள் தெருப் பையன்களும் இருந்தார்கள். என்னை மேஜைமேல் ஏற்றி நிறுத்தி, பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு பையன்களை வரிசையாக வந்து பார்க்கச் சொன்னார்.

நான் யாரையும் பார்க்கவில்லை. பாவாடையைப் பிடித்திருந்த விரல்கள் வியர்த்து வழுக்கின. இரண்டு கால்களும் ஒரே மாதிரிதான் ஆறியிருந்தன. அதனால் பச்சிலையும் டிஞ்சரும் சமம் என்று அப்பா சொல்லி முடிக்கும்போது, களம்பூரிலிருந்து வரும் ஒரு பையன் எழுந்தான்.

“சார், ஒண்ணுமே போடாம உட்டிருந்தாலும் ஆறியிருக்கும் இல்லீங்களா?”

அப்பா சிரித்துவிட்டு, “அதைக் கண்டுபிடிக்க மூணாவதா ஒரு முழங்கால் வேணும்டா” என்றார். வகுப்பே சிரித்தது. என் கால்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது அப்பா உற்சாகமாக சைக்கிள் மிதித்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை எவனும் கேட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துப் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம், நீயும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை என்று நடந்ததையெல்லாம் சொன்னார். என்னை மேஜைமேல் ஏற்றி நிறுத்தியதையும் விட்டுவிடவில்லை. அத்தை ராட்டையை நிறுத்தினாள்.

“பொம்பளப் புள்ளைய அத்தினி பசங்க எதிர்ல பாவாடைய தூக்கிகினு நிக்க வச்சியாடா?”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அத்தனை நாளில் அன்றுதான் அவர் கண்கள் முழங்காலுக்கு வராமல் என் முகத்துக்கு வந்தன. சட்டென்று எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அதன்பிறகு வெகுநாள் என்னோடு பேசும்போதெல்லாம் வேறெங்கோ பார்த்துப் பேசினார்.

என் கால்கள் ஒன்று முந்தி ஒன்று பிந்தி ஆறாமல் அவருடைய பாடத்தைக் கெடுத்துவிட்டன, அந்தக் கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன். மேஜைமேல் நின்றபோது எனக்கு வந்ததுதான் அவருக்கும் வந்திருக்கிறது என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.