மூன்றாம் வரிக்குக் கீழே

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் இந்த உலகத்தில் இரண்டே இரண்டைத்தான் நம்பினார். ஒன்று என் அக்கா. இன்னொன்று நான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது அவருடைய சட்டைப்பையில் இருக்கும் சின்ன அளவுகோல். அதையும் வருஷத்துக்கு ஒருமுறை புது அளவுகோல் ஒன்றோடு சேர்த்து வைத்துச் சரிபார்ப்பார்.

அத்தானுக்குக் கண்ணாடிக் கடை. மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஆள் இரண்டு கையை விரித்தால் சுவரைத் தொடும் அகலம். ஆனால் நீளம் நல்ல நீளம். கண் பரிசோதிக்க ஆறு மீட்டர் வேண்டும் என்பதற்காகவே பிடித்த இடம். முன்பக்கம் ஃபிரேம்களுக்கு நடுவே நான். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, லென்ஸ் பெட்டி, கடைசிச் சுவரில் எழுத்து அட்டை. இருபத்திரண்டு வருஷமாக அதே அட்டை, அதே ஆணி.

வருகிறவர்கள் சொல்வதை அவர் நம்பியதே இல்லை. பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி கரும்பலகை தெரியவில்லை என்று அழுதால், பவரே இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டி, "இப்ப எப்படி இருக்கும்மா?" என்பார். "சூப்பரா தெரியுது அங்கிள்" என்று அவள் கடைசி வரி வரை வாசித்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். பால்காரர், எலக்ட்ரீஷியன், பக்கத்து மருந்துக் கடைக்காரர், யாருமே அந்தச் சிரிப்புக்குத் தப்பியதில்லை. "ஏதோ இருக்கு மச்சான்" என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஆண்டவன் ஏன் கால்பந்துப் பைத்தியத்தைக் கொடுத்தான் என்று தெரியவில்லை. சனிக்கிழமை மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு நானும் அவரும் மைதானத்துக்குப் போவோம். எங்கள் அணி நீலச்சட்டை. கிழக்கு கேலரி, மேலிருந்து நாலாவது வரிசை. பந்து யாரிடம் போகிறது, யார் உதைத்தது என்று நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "கண்ணால பாக்குறத காதாலயும் கேட்டாத்தான் ருசி" என்பார். அவர் பங்குக்கு நடுவரைப் பார்த்துக் கத்துவார். "யோவ், கண்ணு தெரியலையா? கடைக்கு வா, ஓசியில பாத்து விடறேன்!"

அவருடைய முக்கியமான சந்தேகம் கொக்கு மீது. கொக்கு என்பது நாங்கள் வைத்த பெயர். நெட்டையான நடுவர், குச்சிக்கால். வார நாட்களில் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை. அவர் புது பூட்ஸ் போட்டு வந்தால், "வாங்கிக் குடுத்தது யாரு?" பழைய பூட்ஸ் போட்டு வந்தால், "நடிக்கிறான் பாத்தியா?" எதிரணிப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்தால் அன்றைக்குத் தீர்ந்தது கதை.

சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், முதல் டிவிஷனில் நிற்போம். எண்பத்து மூன்றாவது நிமிஷம் எதிரணியின் உருளை எங்கள் கோல் பெட்டிக்குள் விழுந்தான். தொட்டால் மூன்று சுற்று உருளுவான், அதனால் அந்தப் பெயர். கொக்கு விசிலை ஊதிப் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார். "தானா விழுந்தான் அத்தான்! ஒருத்தனும் கிட்டயே போகல!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "நானும் பாத்தேன், நானும் பாத்தேன்" என்று அவர் எழுந்து குதித்தார். காலைப் பிடித்துக்கொண்டு அலறிய அதே உருளை எழுந்து வந்து பெனால்டியை உள்ளே போட்டான். நாங்கள் இரண்டாம் டிவிஷனுக்குப் போனோம்.

ரசிகர் சங்கச் செயலாளர் லாண்டரிக்காரர். அவர் புகார்க் கடிதம் எழுதச் சொன்னதும் அத்தான் கடையின் லெட்டர்பேடிலேயே எழுதினார். 'இருபத்திரண்டு வருடமாகக் கண் பரிசோதிக்கும் நான் என் இரு கண்களால் பார்த்தேன். நடுவருக்குப் பார்வை இல்லை, அல்லது கை நீளம்.' அந்த லெட்டர்பேடு வேலை செய்தது. லீக் கமிட்டி வெள்ளிக்கிழமை விசாரணை வைத்தது. அத்தான்தான் சாட்சி. நடுவர் கண் சான்றிதழோடு வர வேண்டும். புகார் உண்மையானால் அவர் ஆயுளுக்கும் விசிலைத் தொட முடியாது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கொக்கு எங்கள் கடைக்குள் தலையைக் குனிந்து நுழைந்தார். டிப்போச் சட்டை. கையில் குடை.

நான் உள்ளே ஓடிச் சொன்னேன். அத்தான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டார். "இங்க எதுக்கு வந்தான்? ஊர்ல வேற கடையே இல்லையா? ஏதோ இருக்கு."

கொக்குவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவரே வந்துவிட்டார். "வேற கடையில வாங்கிட்டு வந்தா நீங்க நம்ப மாட்டீங்க சார். அதான் உங்ககிட்டயே வந்தேன்."

அத்தான் என்னை ஓரமாக இழுத்தார். "முன்னாடியே ஆள விட்டு எழுத்தெல்லாம் மனப்பாடம் பண்ணியிருப்பான். சீப்பு அட்டைய எடு."

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஒரு அட்டை உண்டு. அதில் எழுத்துக்குப் பதில் மூன்று பல் சீப்பு மாதிரி ஒரு வடிவம் இருக்கும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டினால் போதும். லென்ஸ் கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து சுருட்டி வைத்த குழாய்க்குள்ளேயே கிடந்தது. தூசியைத் தட்டி, பழைய அட்டையைக் கழற்றி, அந்த ஆணியிலேயே இதை மாட்டினேன். கையில் குச்சியோடு அட்டைக்குப் பக்கத்தில் நின்றேன். அத்தான் ஆறு மீட்டர் தள்ளி, நாற்காலிக்குப் பக்கத்தில்.

கொக்கு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டார். நான் குச்சியை வைக்க வைக்க, முழுக் கையையும் நீட்டிக் காட்டினார். மைதானத்தில் ஃப்ரீ கிக் கொடுக்கும் அதே நீட்டல். பார்க்கவே எரிச்சலாக இருந்தது. மூன்று வரி சரியாகப் போனது. நாலாவது வரியில் மேலே காட்டினார்.

"தப்பு" என்றார் அத்தான்.

அடுத்ததற்கும் மேலே.

"அதுவும் தப்பு. ரெண்டும் கீழ பாக்குது." அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என் அக்கா கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை.

நான் குச்சி முனையைப் பார்த்தேன். பல் மேலே பார்த்தது. பக்கத்தில் இருந்ததும் அப்படியே. கொக்கு அத்தானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், 'தப்புதான்' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே சொல். கொக்குவின் விசில் போயிருக்கும், ஊரே என்னைத் தோளில் தூக்கியிருக்கும்.

"மேலதான் அத்தான். அவர் சொன்னது சரி" என்றேன்.

அத்தான் மெல்லத் திரும்பினார். "நீயுமா? ரெண்டு பேரும் எப்ப பேசி முடிச்சீங்க?"

இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டுச் சோறு சாப்பிட்டவன் நான். எனக்குச் சுருக்கென்றது. "வந்து பாருங்க! உங்க கண்ணாலயே வந்து பாருங்க!" என்று குச்சியை அட்டையிலேயே அறைந்தேன்.

வந்தார். விறுவிறுவென்று நாலு எட்டு. அப்புறம் நின்றுவிட்டார். தூரப் பார்வைக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டினார். இரண்டு எட்டு பின்னால் போனார், இரண்டு எட்டு முன்னால் வந்தார். இன்னும் ஒருமுறை பின்னால் போனார்.

"பழைய அட்டைய மாட்டு" என்றார்.

மாட்டினேன். ஆறு மீட்டர் கோட்டில் போய் நின்று மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை தடுமாறாமல் ஒப்பித்தார். வருஷா வருஷம் தன் கண்ணை அவர் இப்படித்தான் சோதித்துக்கொள்வார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. முடிக்கும்போதுதான் கவனித்தேன். கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் திடீரென்று வாசிக்கிற கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க ஆரம்பித்தார். ஐம்பத்தெட்டு வயதில் பார்வை திரும்புகிறது என்று தெருவெல்லாம் பெருமை அடித்தார். வேறு யாராவது வந்து அப்படிச் சொல்லியிருந்தால், கண்ணில் புரை விழுகிறது, கிட்டத்தில் தெளியும் தூரத்தில் மங்கும் என்று அவரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவர் தன்னை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார். கொக்கு எழுந்து இடம் விட்டு நின்றார்.

"மச்சான், அன்னிக்கு உருளை தானா விழுந்தத நீ பாத்தியா?"

அன்று கையிலிருந்த கடலைப் பொட்டலம் நழுவி ஸீட்டுக்குக் கீழே போயிருந்தது. நான் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது உருளை உருண்டுகொண்டிருந்தான். எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். நான் கத்தியதைத்தான் அவர் தன் இரு கண்களால் பார்த்திருக்கிறார். எத்தனை சனிக்கிழமைகளாக என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

"இல்ல அத்தான்" என்றேன். "குனிஞ்சிருந்தேன்."

அவர் கொக்குவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"உங்க ஆளு கால் பட்டுது சார். லேசாத்தான். அதுக்கு அவன் மூணு சுத்து சுத்துனது பச்சை நடிப்பு, அதுக்குத் திட்டினேன். ஆனா பட்டுது. நான் பத்து அடியில நின்னேன்."

அத்தான் அதை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சீப்பு அட்டையை மறுபடி மாட்டச் சொல்லி, நான் அட்டையருகே நின்று சரி தப்பு சொல்லச் சொல்ல, கொக்குவின் இரண்டு கண்ணையும் கடைசி வரி வரை சோதித்தார். பிறகு அதே லெட்டர்பேடில், மூக்கு தாளில் இடிக்க, பார்வை முழுமை என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் கமிட்டி முன்னால் நின்று, "கண்ணு தெரியாதது எனக்குத்தான்" என்று சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு கடையில் உட்கார்ந்திருந்தபோது லாண்டரிக்காரர் வந்தார். நலம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. கண்ணில் இருந்த கட்டையே உற்றுப் பார்த்தார்.

"விசாரணைக்கு முதல் நாள் கொக்கு இங்க வந்தானாமே?"

"ஆமா."

"ஊர்ல வேற கடையே இல்லையா?" குரலைத் தாழ்த்தினார். "எவ்வளவு குடுத்தான்?"

நான் கவுன்டரைத் தாண்டிக் குதித்திருப்பேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடு மச்சான். அவர் இடத்துல நான் இருந்தா, இந்தக் கட்ட அவுத்துக் காட்டச் சொல்லியிருப்பேன்."