லைன் கிடைக்காத வீடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்தேன். பள்ளிக்குக் கீழே, பள்ளத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் தங்கியிருந்தேன். நல்ல வீடுதான். போனுக்கு மட்டும் லைன் கிடைக்காது.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் தலைமையாசிரியை வாட்ஸ்அப் குழுவில் எதைப் போட்டாலும் எல்லாரும் உடனே வரிசையாக 'நன்றி டீச்சர்' போட வேண்டும். என் நன்றி மட்டும் மறுநாள் காலை, பள்ளி மேட்டில் ஏறிய பிறகுதான் போகும். ஆறிப்போன நன்றி யாருக்கு வேண்டும்? திமிர் பிடித்தவள் என்று பெயராகிவிட்டது. லைன் இல்லை என்றேன், சாக்கு என்றார்கள். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். ஆண்டிறுதி மதிப்பீட்டில் எனக்குப் புள்ளி குறையும் என்று தலைமையாசிரியை நேராகவே சொன்னார். அழுகையைவிட எரிச்சல்தான் வந்தது.

ஒரு நாள் பள்ளி விட்ட நேரத்தில் பேய்மழை. கடைசியாகக் கிளம்பிய தலைமையாசிரியையின் காரை என் வீட்டருகே விழுந்து கிடந்த மரம் மறித்துவிட்டது. உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தேன். தாமதமாகும் என்று கணவருக்குச் செய்தி அனுப்பப் பார்த்தார், போகவில்லை. ஜன்னலோரம் போனார், வாசலில் நின்றார், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"எப்பவுமே இப்படித்தானா டீச்சர்?"

"இப்படித்தான் லா டீச்சர்."

தோட்டத்து ஆட்கள் மரத்தை அறுத்து வழி செய்ததும் அவர் போய்விட்டார்.

மறுநாள் கேன்டீனில் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து கல்வி இலாகா மேலிடத்து வாட்ஸ்அப் குழுவுல நான் ஒருத்திதான் உடனே பதில் போடல. காலையில போன் போட்டு ஏசிட்டாங்க. மரம் விழுந்துச்சு, லைன் இல்லன்னு சொன்னேன். சாக்கு சொல்லாதீங்கன்னாங்க."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து முக்கியமான விஷயங்களைக் காலையில் மாணவர்களின் சபைகூடலுக்கு முன் எங்களை நிறுத்தி நேரில் சொல்ல ஆரம்பித்தார். புள்ளியும் குறையவில்லை. குழு இன்னும் இருக்கிறது, நன்றிகளும் வரிசையாக வருகின்றன.

இப்போது எனக்கு யாரிடமிருந்தாவது பதில் வராவிட்டால், கோபம் வருவதற்கு முன், அவர் எந்தப் பள்ளத்தில் இருக்கிறாரோ என்றுதான் தோன்றுகிறது.