அக்காவின் போனில் யார் சிரித்தது?

இந்த ஊர் ஆபீஸில் மேசை மேல் ஒரு போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. போனுக்கு உரியவர் கழிப்பறைக்குப் போயிருப்பார், அறை நிறைய ஆட்கள் இருப்போம், அது பாட்டுக்கு அடித்து ஓயும். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இது பொறுக்கவில்லை. பக்கத்து மேசை லோட்டேயின் போன் விடாமல் அடித்தபோது எடுத்து, அவள் கழிப்பறையில் இருக்கிறாள், வந்ததும் சொல்கிறேன் என்று பேசிவிட்டு வைத்தேன். ராயபுரத்தில் பிறந்த எவனும் அதைத்தான் செய்வான். விஷயம் தெரிந்ததும் லோட்டேயின் முகம் வெளுத்துப்போனது. ஆனால் கோபிக்கவில்லை. இங்கே கோபத்துக்குப் பதில் மின்னஞ்சல் அனுப்புவார்கள். சாயங்காலமே வந்தது: என் போனைத் தொடுவது என்னைத் தொடுவது மாதிரி, இனிமேல் வேண்டாம். நான் சிரித்துக்கொண்டேன். இதே சமாச்சாரம் என் ஆராய்ச்சியையே கவிழ்க்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

மனச்சோர்வையும் பதற்றத்தையும் போனை வைத்தே கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஒருவர் எப்போது தூங்குகிறார், எவ்வளவு நடக்கிறார், எத்தனை நேரம் யாரோடும் பேசாமல் இருக்கிறார் என்பதை எங்கள் ஆப் கவனித்துக்கொண்டே இருக்கும். தினமும் ஒரு கேள்வியும் கேட்கும்: இன்று எப்படி இருக்கிறீர்கள்? அழுகிற முகத்தில் தொடங்கி சிரிக்கிற முகம் வரை வரிசையாக இருக்கும், ஒன்றை அமுக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை தடவை அமுக்கினாலும் எல்லாம் பதிவாகும், ஆனால் கணக்குக்குக் கடைசி முகம்தான் செல்லும். இதையெல்லாம் கொடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கினால், யார் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கிறார் என்று அவர் வாய் திறக்குமுன் அது சொல்லிவிடும். மெஷின் லேர்னிங் என்று இதற்குப் பெயர். என் வழிகாட்டிப் பேராசிரியர் மரைக்கே இந்த ஊர்க்காரர்களை வைத்து இதைச் செய்து காட்டியிருந்தார். எங்கள் பக்கத்து ஆட்களையும் சேர்க்கலாம் என்று சொன்னது நான். லீவில் போய் ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று அலைந்து ஆள் சேர்த்தேன். வெள்ளோட்டத்துக்காக என் போனிலும் ஸ்டெல்லா அக்காவின் போனிலும் ஆப்பைப் போட்டேன்.

அக்கா வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். எண்ணூர் ரோட்டில் ஒரு விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். கோயில் பாட்டுக் குழுவில் எல்லோர் குரலையும் அமுக்கிப் பாடினவள், பிறகு பூசைக்கே கடைசி வரிசையில் வந்து நின்றாள். அந்த லீவில்தான் அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, "இது உனக்கு மட்டும்கா" என்று சொன்னேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு மட்டுமா? இந்த வூட்லயா?" என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில மாதம் கழித்து மரைக்கே என்னை அவசரமாகக் கூப்பிட்டார். திரையில் ஒரு வரைபடம். "இந்த ஆள் தூங்குவதே இல்லை. விடியுமுன் கடற்கரைப் பக்கம் அலைகிறார், பலரோடு பேசுகிறார். பகலில் அழுகை, இரவில் ஆனந்தம். உடனே ஒரு மருத்துவரிடம் சொல்ல வேண்டாமா?" என்றார். உண்மையாகவே பயந்திருந்தார்.

அது அக்காவின் போன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடியுமுன் அதைப் பையில் போட்டுக்கொண்டு மீன் ஏலத்துக்குப் போகிறவர் அண்ணன். காலையில் ஜெபமாலை கேட்பது அம்மா. துபாயில் இருக்கும் புருஷனோடு பேசுவது பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா. ராத்திரி சீரியல் பார்ப்பது அண்ணி. இதைச் சொன்னதும் மரைக்கே நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்படியானால் இது ஓர் ஆளே இல்லை. எடுத்துவிடு" என்றார். விசாரித்தால், நான் சேர்த்த வீடுகளில் முக்கால்வாசி இதே கதைதான். ஒருவருக்கு மேல் புழங்கும் போன்கள் விலக்கப்பட்டன என்று ஒற்றை வரி எழுதி, எங்கள் பேட்டைகளை ஆராய்ச்சியிலிருந்து துடைத்துவிட்டோம். சோகப்படுவதற்குக்கூட எங்கள் ஆட்களுக்குத் தகுதி போதவில்லை.

அழிப்பதற்கு முன் அக்காவுடையதை மட்டும் ஒரு தடவை பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அந்த வீடு அடங்கும். ஏலத்திலிருந்து வந்த அண்ணன் தூங்குவார், அம்மாவும் அண்ணியும் கண்ணயர்வார்கள். அந்த நேரத்தில் போன் அசையவே இல்லை. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தினமும் அந்த நேரத்தில்தான் அழுகிற முகம் அமுக்கப்பட்டிருந்தது. தினமும் ராத்திரி அதன் மேல் சிரிக்கிற முகம் விழுந்திருந்தது. அண்ணியிடம் கேட்டேன். "கேள்வி கேட்டு நடுவுல வந்து நிக்கிது தம்பி. அந்த சிரிக்கிற மூஞ்சிய அமுக்குனா போயிடுது" என்றார். அண்ணி மேல் என்ன தப்பு? கடைசி முகம்தான் செல்லும் என்று எழுதியவர்கள் நாங்கள்.

மறுநாள் அங்கே இரண்டு மணி ஆனதும் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இன்னாடா இந்த நேரத்துல? சாப்ட்டியா?"

"நீ எப்படிக்கா இருக்க?"

"நல்லாத்தான் கீறேன். உன் மிஷினு சொல்லலியா?"

"நீ சந்தோஷமா இருக்கேன்னு சொல்லுது."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்றேன்.

"பாத்து? எல்லாரும் கூட வருவாங்கடா. உனுக்கு இன்னா பண்ணுதுனு டாக்டரு கேட்டா, அம்மாதான் பதில் சொல்லும். வயித்துல கேஸு, தூக்கமில்லனு சொல்லும். மாத்திரை வாங்கினு வந்துருவோம்."

"அப்ப என்கிட்ட சொல்லுக்கா. எப்ப வேணா கூப்புடு, நான் எடுப்பேன்."

"நெஜமா?" என்றாள். பின்னால் அண்ணன் இருமுவது கேட்டது. "இந்தா, அண்ணன் எழுந்துக்கிச்சு" என்று அவரிடம் கொடுத்துவிட்டாள். அண்ணன் என்னிடம் குளிரைப் பற்றி விசாரித்தார்.

அடுத்த வாரம் ஒருநாள் காபி எடுக்கப் போய், மரைக்கே வழியில் பிடித்துக்கொண்டதால் நின்று பேசிவிட்டுத் திரும்பினேன். லோட்டே கனிவாகச் சொன்னாள்: "உன் போன் ரொம்ப நேரம் அடித்தது. திரும்பத் திரும்ப அடித்தது." யாரும் எடுக்கவில்லை. எவ்வளவு மரியாதை! எடுத்து, இரு, வருகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த மரியாதையின் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அக்காவின் நம்பர்தான். திருப்பிக் கூப்பிட்டேன். அண்ணி எடுத்தார்.

"அவ துணி தொவைக்கப் போய்ட்டா தம்பி. இன்னா விஷயம்னு கேட்டேன். ஒண்ணியும் இல்ல, கை பட்டு போயிருக்கும்ங்கிறா."

இப்போது ராயபுரத்தில் இரண்டு மணி ஆனால் நான் இங்கே காலைக் காபிக்கு மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை. போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று மரைக்கே வெள்ளோட்டப் பதிவுகளைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார். காலையில் ஒரு மணி நேரம் என் போன் அசைவதே இல்லையாம், திரை மட்டும் எரிகிறதாம். பதற்றமும் சோர்வும் என்று மெஷின் உறுதியாகச் சொல்கிறதாம். பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் எனக்கு நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னார். ஓர் ஆள், ஒரு போன், எவ்வளவு சுத்தமான பதிவு என்று பாராட்டவும் செய்தார்.

அக்கா மறுபடி கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும், அந்த நேரத்தில் இப்போது அண்ணிதான் எடுக்கிறார்.